காலண்டர் பிள்ளை

மார்கழி பிறந்ததும் எங்கள் தெரு மளிகைக்கடைக்காரர் தினசரிக் காலண்டர் ஒன்றை என் பையில் செருகிவிடுவார். கண் தெரியாத கிழவிக்குக் காலண்டர் எதற்கு என்று அவர் யோசித்ததில்லை. வேண்டாம் என்று நானும் சொன்னதில்லை. வாடிக்கைக்காரி என்றால் காலண்டர் உண்டு, அவ்வளவுதான். இந்த வருஷமும் வாங்கி, அட்டையை மூக்கருகே வைத்து முகர்ந்துவிட்டு, படத்தில் என்ன என்று கேட்டேன். பழனி முருகன் என்றார். வெளியே வந்து ஆட்டோவில் ஏறி, கடை தாண்டியதும் ஓட்டுகிறவரிடம் அதே அட்டையை நீட்டி, இதில் என்ன படம் என்று கேட்டேன்.

"முருகந்தாம்மா. ஏன், கடக்காரரு சொல்லலையா?"

சொன்னார்தான். ஆனால் படம் என்று வந்துவிட்டால் நான் இரண்டு பேரிடம் கேட்பேன், ஒருவர் சொன்னது மற்றவர் காதில் விழாத தூரத்தில் வைத்து. கல்யாண போட்டோ, ரேஷன் கார்டு, ஆதார் அட்டை, எதுவானாலும் இதுதான் வழக்கம். டீச்சரம்மாவுக்கு எதற்கும் இரண்டு சாட்சி வேண்டும் என்று தெருவில் கேலி பேசுவார்கள். பேசட்டும். இதை நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருக்கிற மாடிவீட்டுப் பெண்ணுக்கும் தெரியும், எழுதி முடித்தபின் இன்னொருத்தியைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்வேன் என்று. அவள் கோபித்துக்கொள்வதில்லை. கல்லூரியில் படிக்கிற பிள்ளை, கிழவிகளின் கிறுக்கு எத்தனை விதம் என்று தெரிந்துவைத்திருக்கிறாள்.

இந்தக் கிறுக்கு எனக்குப் பிறவியில் வந்ததல்ல. ஒரு காலண்டரால் வந்தது.

புதுக் காலண்டர் அட்டைக்கு ஒரு மணம் உண்டு, கவனித்திருக்கிறீர்களா? புளித்த மைதாப் பசையும் அச்சு மையும் சேர்ந்த மணம். அது மூக்கில் ஏறினால் நான் நேராக இல்லத்தின் ஆபீஸ் அறையில் போய் நிற்பேன். இல்லம் என்று நான் சொல்வது, திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகிற ரோட்டில் அந்த நாளில் இருந்த, பார்வையில்லாத பெண் பிள்ளைகளுக்கான தர்ம இல்லம். ஊர்க்காரர்கள் 'குருட்டுப் பள்ளிக்கூடம்' என்பார்கள். அதன் உண்மையான பெயரைச் சொல்லப்போவதில்லை. சோறு போட்ட இடம். பெயர் சொல்லித் திட்டினால் தின்ற சோறு தொண்டையில் நிற்கும்.

என்னை அங்கே கொண்டுபோய் விட்டவர் அப்பா. எங்களுக்குக் குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு கிராமம். மழை பெய்தால் கடலையும் சோளமும் உண்டு, பெய்யாவிட்டால் வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். சின்ன வயதில் அம்மை போட்டு எனக்குக் கண் போனது. அதே அம்மையில் அம்மாவும் போனாள். வீட்டுக்குப் பின்னால் சுவர் எழுப்பாத கிணறு ஒன்று. அப்பாவும் அண்ணனும் காட்டுவேலைக்குப் போகும்போது என் இடுப்பில் பழைய சேலைத்துணியைக் கட்டி, மறுமுனையைக் கட்டில்காலில் முடிந்துவிட்டுப் போவார்கள். குற்றமாகச் சொல்லவில்லை. வேறு என்ன செய்வார்கள்?

இல்லத்துக்குப் போன அன்று என்னை முதலில் தொட்ட கை மெர்சி டீச்சருடையது. அங்கேயே தங்கி எங்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, தலைவாரி, பேன் பார்த்து, காய்ச்சல் வந்தால் பக்கத்தில் படுத்துக்கொள்கிறவர். கண் நன்றாகத் தெரிகிறவர். குளிப்பாட்டும்போது என் இடுப்பில் இருந்த தழும்பு கையில் பட்டிருக்கிறது. என்னவென்று அப்பாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகு என்னிடம் சொன்னார்: "இங்க ஒன்னைய யாரும் கட்டமாட்டாங்க. நீ எங்க வேணா ஓடலாம்." அந்த ஒரு வார்த்தைக்காக நான் அவரைத் தெய்வமாக வைத்திருந்தேன்.

நிஜமாகவே ஓடினோம். கண் தெரியாத பிள்ளைகள் ஓடுமா என்று கேட்பீர்கள். சமையல்கட்டுப் புகையை முதுகில் வைத்துக்கொண்டு நேரே ஓடினால் கிணற்றடி ஈரம் காலில் படும். அங்கிருந்து இடது பக்கம் திரும்பினால் புளியமரம், சருகு சத்தம் கேட்கும். பக்கத்தில் ஒரு புகையிலைக் கிட்டங்கி, மூட்டை அடுக்குகிற கிடங்கு. காற்று அந்தப் பக்கமிருந்து வந்தால் தும்மல் நிற்காது. காற்று திரும்பினால் தோல் பதனிடுகிற தோல்ஷாப்பின் நாற்றம். கோடையில் நத்தத்திலிருந்து மாம்பழ வண்டிகள் ரோட்டில் போகும்போது நாங்கள் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டு மூச்சை இழுத்துக்கொண்டு நிற்போம். சாப்பாட்டுக்கு அமெரிக்கக் கோதுமையில் சோறு, பால்பவுடர் கரைத்த பால், வாரத்தில் பாதி நாள் பூசணிக்காய். என் சேக்காளி சவரியம்மாள், "பூசணிக்காய்க்குக் கண்ணு வந்தா அது நம்மளப் பாத்து ஓடிரும்" என்பாள். பிறவியிலேயே கண் இல்லாதவள் அவள். வாய் மட்டும் பத்துப் பேருக்கு இருந்தது.

மெர்சி டீச்சர் எனக்குப் புள்ளி எழுத்தைக் கற்றுக்கொடுத்தார். தடித்த தாளில் ஊசியால் குத்தவேண்டும். குத்தும்போது வலமிருந்து இடம், திருப்பிப் படிக்கும்போது இடமிருந்து வலம். ஆரம்பத்தில் தாளைக் கிழித்ததுதான் மிச்சம். 'அம்மா' என்று நான் குத்திய முதல் சொல்லை டீச்சர் தடவிப் பார்த்து, அதில் ஓர் எழுத்துக்கூடச் சரியில்லை என்றார். பிறகு பழகிவிட்டது. தலையணைக்கடியில் புத்தகத்தை வைத்துப் படுத்தபடியே படிப்பேன். கண் தெரிகிறவர்களுக்கு அதற்கு விளக்கு வேண்டுமே என்று நினைத்துச் சிரித்துக்கொள்வேன்.

இல்லத்தை நடத்தியவர் செயலாளர் ஐயா. ஊரில் பெரிய வக்கீல். மூக்குப்பொடி வாசனையும் மெதுவான குரலும். கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. நடையாய் நடந்து, கடைகடையாய் ஏறி, எங்களுக்காகக் கை நீட்டியவர். தன் வீட்டில் விசேஷம் என்றால் பாயசம் முதலில் எங்களுக்கு வரும். ஆனால் அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. கொடையாளிகள் பார்க்க வருகிற நாளில் நாங்கள் ஓடக்கூடாது. வெள்ளைச் சட்டை போட்டு, முன்னால் போகிறவள் தோளில் கை வைத்து, வரிசையாக, மெதுவாக நடக்க வேண்டும். சத்தமாகச் சிரிக்கக்கூடாது. காலையில் அதே முற்றத்தில் கிணற்றுத்தண்ணீரை ஒருத்தி மேல் ஒருத்தி ஊற்றிக்கொண்டு ஓடியவர்கள் நாங்கள். மாலையில் அடிமேல் அடி வைத்து நடப்போம். வந்தவர்கள் உச்சுக்கொட்டுவது கேட்கும். சில அம்மாமார்கள் அழுதுவிடுவார்கள். எங்களுக்கு அது நாடகம். எனக்கு முன்னால் போகிற சவரியம்மாள் வேண்டுமென்றே தடுமாறுவாள். அவள் தோளில் இருக்கிற என் கையில் அவள் சிரிப்பை அடக்குவது தெரியும். அவர்கள் போனதும் மிட்டாய் கிடைக்கும். யாரை யார் ஏமாற்றுகிறார்கள் என்று கேட்கத் தெரியாத வயது.

புளியமரத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். அது இல்லாமல் இந்தக் கதை இல்லை.

தை, மாசியில் புளி பழுத்துவிடும். காற்று அடித்தால் பழம் உதிரும். சருகில் விழுகிற சத்தம் 'சடக்' என்று ஒரு சின்னச் சத்தம்தான், காது கொடுத்துக் கேட்கவேண்டும். மரத்தைச் சுற்றி நாங்கள் பேசாமல் உட்கார்ந்திருப்போம். சத்தம் கேட்டதும் யார் முதலில் போய்ப் பழத்தைத் தொடுகிறாளோ அவளுக்கே அது. இதற்குக் 'காதுப் புளி' என்று பெயர் வைத்திருந்தோம். முதலில் எழுந்து ஓடித்தான் விளையாடினோம். ஒருநாள் எனக்கும் சவரியம்மாளுக்கும் மண்டை மோதி, அவள் நெற்றி பிளந்து ரத்தம் வந்துவிட்டது. அன்றைக்கு நாங்களே கூடிப் பேசி ஒரு சட்டம் போட்டோம்: யாரும் எழுந்திருக்கக்கூடாது, தவழ்ந்துதான் போகவேண்டும், ஒரு கை எப்போதும் முன்னால் நீட்டியிருக்க வேண்டும். நீட்டிய கை இன்னொருத்தி மேல் பட்டால் மோதாமல் விலகிக்கொள்ளலாம் அல்லவா, அதற்கு. முட்டி தேய, கையெல்லாம் புழுதியாக, மண்டி போட்டபடி மரத்தடியைச் சுற்றிச் சுற்றி வருவோம். அந்த விளையாட்டில் நான் சிரித்த சிரிப்பை வேறு எங்கும் சிரித்ததில்லை.

அப்படி ஒரு மாசி மாதத்தில் போட்டோ எடுக்க ஆள் வந்தார். இல்லத்துக்கென்று காலண்டர் அடித்து ஊரெல்லாம் கொடுக்கப்போகிறார்கள், அதில் என் படம் வரப்போகிறது என்றார் டீச்சர். நான் புள்ளி எழுத்துப் புத்தகம் படிக்கிற மாதிரிப் படம். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. டீச்சர் தலைக்கு எண்ணெய் வைத்து இரட்டைச் சடை பின்னினார். ஆபீஸ் அறையில் நாற்காலியில் உட்காரவைத்து, மடியில் புத்தகத்தை விரித்து, விரலை வரியின்மேல் வைக்கச் சொன்னார்கள். படிக்கிற மாதிரி இருந்தால் போதும் என்றார் போட்டோக்காரர். நான் மாதிரியெல்லாம் இல்லை, நிஜமாகவே படித்தேன். முகத்தில் பளிச்சென்று சூடு அடித்தது, ஏதோ கருகிய வாசனை வந்தது. ஆச்சு, போகலாம் என்றார்கள்.

போகலாம் என்றால் எங்கே போவேன்? புளியமரத்தடிக்கு. இரட்டைச் சடையில் ஒன்று அவிழ்ந்துவிட்டது. நல்ல காற்று. பழம் அடுத்தடுத்து விழுந்தது. இடையில் ஒருமுறை எனக்கு நேர் எதிரே 'சடக்' என்று கேட்டது. கையை நீட்டிக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் தூக்கித் தவழ்ந்தேன். எவ்வளவு துழாவியும் அந்தப் பழம் மட்டும் கிடைக்கவில்லை. சவரியம்மாள் எடுத்து ஒளித்துவிட்டாள் என்று அவளோடு சண்டை போட்டேன்.

காலண்டர் வந்த அன்று ஆபீஸ் அறை முழுக்க அந்த மணம். எனக்கு ஓர் அட்டை கொடுத்தார்கள். முகர்ந்தேன், தடவினேன், கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். படம் எப்படி இருக்கிறது என்று டீச்சரைக் கேட்டேன். அட்டையை வாங்கிப் பார்த்து, மறுபடி என் கையிலேயே வைத்தார். பிறகு, நன்றாக இருக்கிறது என்றார். புத்தகம் தெரிகிறதா என்றேன். தெரிகிறது என்றார். கீழே ஏதாவது எழுதியிருக்கிறதா என்று கேட்டேன்.

"'படிக்கும் சிறுமி'ன்னு போட்டிருக்கு" என்றார்.

அதிலிருந்து என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை. எடுத்த படம் பிடித்துப்போய் வருஷாவருஷம் அதையே அடித்தார்கள். பலசரக்குக் கடை, வக்கீல் வீடு, டாக்டர் வீடு, பஸ் கம்பெனி ஆபீஸ், எங்கும் நான் தொங்கினேன். எனக்கு வயது ஏறியது, காலண்டர் பிள்ளைக்கு ஏறவில்லை. டீச்சரோடு கடைத்தெருவுக்குப் போனால் யாராவது, "நீதான அந்தக் காலண்டர்ல இருக்க புள்ள?" என்று கேட்பார்கள். நான் தலையை நிமிர்த்தி, ஆமாம் என்பேன். அந்த ஆமாமில் இருந்த மிடுக்கை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. பஸ்ஸில் ஒரு பெரியவர் என் உள்ளங்கையில் காலணாவை வைத்தார். நான் படிக்கிறதற்குப் பரிசு என்று நினைத்துக் கும்பிட்டு வாங்கிக்கொண்டேன். டீச்சர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

சவரியம்மாள் மட்டும், "தடவிப் பாத்தா ஒண்ணுமே இல்ல, வழவழன்னு இருக்கு. இதுலயா நீ இருக்க?" என்றாள். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா பார்க்க வந்தபோது, இல்லத்தில் எனக்குக் கொடுத்திருந்த அட்டையை அவரிடம் கொடுத்தேன். எப்படி இருக்கிறேன் என்று கேட்டேன். "அச்சு அசலா நீதான் தாயி" என்றார். ஊருக்குக் கொண்டுபோய் நிலைப்படிக்கு மேலே மாட்டிவைத்தார். தாள் எல்லாம் கிழித்துத் தீர்ந்தபிறகும் அட்டையை எடுக்கவில்லை. அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

நான் நன்றாகப் பாடுவேன். இல்லத்துக்கு வந்து போன ஒரு பாகவதரிடம் ஆர்மோனியமும் கற்றிருந்தேன். பத்தொன்பது, இருபது வயதில், டவுனில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் வேலை காலியாக இருப்பது தெரிந்தது. கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். எனக்கு அந்த வேலை வேண்டும் என்ற ஆசை இருந்ததே, அதை எப்படிச் சொல்வது? அது கிடைத்தால் யார் தோளிலும் கை வைத்து நடக்க வேண்டியதில்லை. கிடைக்காவிட்டால் ஆயுசுக்கும் இல்லத்தில் கூடை பின்னிக்கொண்டு, விருந்தாளி வந்தால் வரிசையில் நிற்க வேண்டும். துணைக்கு அப்பாவை வரச்சொன்னேன். வரும்போது நிலைப்படிக்கு மேலே இருக்கிற அட்டையையும் எடுத்து வரச்சொன்னேன். எனக்குப் படிக்கத் தெரியும் என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி ஏது?

அப்பா வெளியே வராந்தாவில் உட்கார்ந்துகொண்டார். தலைமை சிஸ்டர் அன்பாகப் பேசினார். பாடச் சொன்னார். பாடினேன். ஒரு வகுப்புப் பிள்ளைகளை வரவழைத்து இரண்டு வரி சொல்லிக்கொடுக்கச் சொன்னார். சொல்லிக்கொடுத்தேன்; பின்வரிசையில் ஒருத்தி சுருதி தப்பியதைத் திருத்தினேன். பிள்ளைகள் என்னோடு சேர்ந்து சிரித்தார்கள். வேலை கிடைத்துவிட்டது என்றே எனக்குத் தோன்றியது. பிள்ளைகள் போனதும், எழுதப் படிக்க எப்படி என்று சிஸ்டர் கேட்டார். நான் காத்திருந்த கேள்வி. பையிலிருந்து அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்து, "நான் படிக்கிறதப் படமே எடுத்திருக்காங்க சிஸ்டர்" என்றேன்.

சிஸ்டர் அட்டையை மேஜையிலிருந்து எடுக்கிற சத்தம் கேட்டது.

"இது நீ படிக்கிற படம்னு யாரும்மா சொன்னது?"

எங்கள் டீச்சர் என்றேன். சிஸ்டர் எழுந்து என் பக்கம் வந்தார். என் விரலைப் பிடித்து அட்டைமேல் வைத்தார். இங்கே உன் முகம் இருக்கிறது என்றார். இது உன் ஒரு கை, தரையில் ஊன்றியிருக்கிறாய். இன்னொரு கையை நீட்டிக்கொண்டிருக்கிறாய். முட்டி போட்டுத் தவழ்கிறாய். தலைமுடி அவிழ்ந்து கிடக்கிறது. புத்தகம் எதுவும் இல்லை என்றார். விரலை அவர் எங்கே நகர்த்தினாலும் அட்டை ஒரே மாதிரி வழவழவென்றுதான் இருந்தது. கீழே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். அவருக்குப் படிக்க மனமில்லை. நான் விடவில்லை.

"'இருளில் தவழும் இவளுக்கு உங்கள் கருணையே கண்.'"

அந்தச் சின்னச் சத்தம் அப்போதுதான் என் காதில் திரும்பக் கேட்டது. எனக்கு நேர் எதிரே விழுந்து, எத்தனை துழாவியும் கிடைக்காத பழம். அது புளியம்பழம் இல்லை, கேமரா.

சிஸ்டர் பொய் சொல்லத் தெரியாதவர். அதற்காக அவரை நான் மதிக்கிறேன், ஆனால் அன்றைக்குக் கொஞ்சம் பொய் சொல்லியிருக்கலாம். இந்தக் காலண்டர் பள்ளிக்கூட ஆபீஸிலேயே தொங்குகிறது, பிள்ளைகள் பாதிப்பேர் வீட்டில் தொங்குகிறது என்றார். பிறகு சொன்னார்: "நாளைக்கு நீ வகுப்புல நின்னா அவங்களுக்கு இந்தப் படந்தான் தெரியும். பாவம்னு பாப்பாங்க. தாங்க பாவம்னு நெனைக்கிற ஒருத்தர்கிட்ட யாரும் பாடம் கத்துக்கமாட்டாங்கம்மா." போகும்போது என் கையில் ஒரு கொடைக்கானல் ஆரஞ்சுப் பழத்தை வைத்து அழுத்தினார். பஸ்ஸில் காலணா வைத்த கையும் அப்படித்தான் அழுத்தியது.

அந்த அட்டையை நான் காட்டாமல் இருந்திருந்தால் வேலை கிடைத்திருக்குமோ என்று எத்தனையோ வருஷம் யோசித்தேன். கிடைத்திருக்காது. ஊரே பார்த்து வைத்திருந்தது. எனக்கு மட்டும்தான் தெரியாது.

இல்லத்துக்குத் திரும்பி நேராகச் சமையல்கட்டுக்குப் போனேன். மெர்சி டீச்சர் கோதுமை புடைத்துக்கொண்டிருந்தார். சுளகுச் சத்தம் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டது. என் முகமே சொல்லியிருக்கும். ஏன் என்று மட்டும் கேட்டேன்.

"நீ அம்புட்டு சந்தோசமா வந்து கேட்ட. எனக்கு வாய் வரல. ஒருவாட்டி சொல்லிட்டேன், அப்பறம் எப்படி மாத்துறது?"

"கடைத்தெருவுல ஆமா ஆமான்னு நான் தலைய ஆட்டினப்ப, நீங்க பக்கத்துலதான இருந்தீங்க?"

"இருந்தேன்" என்றார்.

அந்த ஒரு வார்த்தை இன்னும் ஆறவில்லை. படத்தைக்கூட மன்னிக்கலாம்; போட்டோக்காரருக்கு நான் யார்? எனக்குக் கண்ணாக இருந்தவர், என் கண்ணில் எத்தனை வருஷம் மண்ணைப் போட்டிருக்கிறார்! தழும்பைத் தடவிய அதே கைதான் தோளில் இருந்தது, ஊர் என்னைப் பிச்சைக்காரியாகப் பார்த்தபோது. என்னை யாரும் கட்டமாட்டார்கள் என்றாரே, அதைவிடப் பெரிய கட்டு எது? எனக்கு அழுகை வரவில்லை.

செயலாளர் ஐயாவிடமும் போய் நின்றேன். அவர் கோபப்படவில்லை. என்னை உட்காரச் சொல்லி, மெதுவான குரலில் விளக்கினார். "சிரிச்சுக்கிட்டு புத்தகம் படிக்கிற புள்ளையப் பாத்தா, இவளுக்கு என்ன குறைன்னு போயிருவாங்கம்மா. அந்தப் படத்தாலதான் இத்தன புள்ளைக சாப்பிடுது. நீ புத்திசாலி, ஒனக்குப் புரியும்." புரிந்தது. அதுதான் கொடுமை. நான் தின்ற கோதுமைச் சோறும் பூசணிக்காயும் நான் தவழ்ந்த கூலி. என் விளையாட்டை என் முன்னாலேயே அழுகையாக விற்று, அதில் எனக்கும் ஒரு கவளம் போட்டிருக்கிறார்கள்.

அப்படியானால் நான் படித்த அந்தப் படம் எங்கே என்று கேட்டேன்.

"எந்தப் படம்?" என்றார்.

நடிக்கவில்லை. நிஜமாகவே மறந்துவிட்டார். பின்னாலேயே வந்து நின்ற மெர்சி டீச்சர்தான் சொன்னார், படம் பதிந்த கண்ணாடித் தகடுகளில் வேண்டாததை ஸ்டூடியோக்காரர்கள் கழுவி, கண்ணாடியைப் படச்சட்டத்துக்குப் போட்டுவிடுவார்கள் என்று. யார் வீட்டுச் சாமி படத்துக்கு முன்னாலோ நான் கண்ணாடியாக இருக்கிறேன்.

அன்று மாலையே பெட்டியைக் கட்டினேன். சவரியம்மாள் வாசல்வரை என் தோளில் கை வைத்து வந்தாள். நடிப்புக்காக இல்லாமல் அவள் அப்படி வந்தது அது ஒருமுறைதான்.

குஜிலியம்பாறை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். அப்பாவிடம் கேட்டேன், நீயும் பார்த்தாயே, உனக்குமா சொல்லத் தோன்றவில்லை என்று. அவருக்கு நான் என்ன கேட்கிறேன் என்றே விளங்கவில்லை.

"இதுல சொல்ல என்ன இருக்கு தாயி? நீ மரத்தடியில புளி பொறுக்கிக்கிட்டு இருக்க. வாயெல்லாம் பல்லா சிரிச்சுக்கிட்டு இருக்க. புள்ள நல்லாத்தான் இருக்குன்னு நெனச்சேன்."

கீழே எழுத்து இருந்ததே என்றேன். எழுத்தை யார் கண்டது, எறும்பு ஊர்ந்த மாதிரி ஏதோ இருந்தது என்றார்.

இதைக் கேட்டு நான் அப்பா மடியில் விழுந்து அழுதேன் என்று எழுதினால் உங்களுக்கு நன்றாக இருக்கும். நான் அப்படிச் செய்யவில்லை. இவரும் எனக்காகப் பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். அத்தனை வருஷம் என்னை வளர்த்தவர் சொன்னது பொய் என்று அன்று மத்தியானம்தான் தெரிந்திருந்தது. சாயங்காலத்துக்குள் இன்னொருவரை எப்படி நம்புவது? அந்த அட்டையை அடுப்பில் போடு என்றேன். சரி தாயி என்றார். ஆரஞ்சுப் பழத்தை என் கையிலிருந்து வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

பிறகு வேறு ஜில்லாவில் ஒரு பார்வையற்றோர் பள்ளியில் எனக்கு வேலை கிடைத்தது. அங்கே யார் வீட்டுச் சுவரிலும் நான் இல்லை. ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன். என் பிள்ளைகளைப் படம் எடுக்க யார் வந்தாலும், எடுத்ததில் என்ன இருக்கிறது என்று என் பிள்ளைகளுக்கே சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும், அதையும் இரண்டு பேர் சொல்லவேண்டும். பொல்லாதவள் என்று பெயர் எடுத்தேன்.

அப்பா இறந்த செய்தி எனக்குத் தாமதமாகத்தான் வந்தது. போனபோது எல்லாம் முடிந்திருந்தது. அதன்பின் ஒரு தையில், அண்ணியோடு பேசிக்கொண்டிருந்தபோது, அப்பா அந்த அட்டையை அடுப்பில் போடவே இல்லை என்று தெரிந்தது. தகரப்பெட்டியில் வேட்டிக்கடியில் வைத்திருந்தாராம். பழைய சாமான்களோடு சேர்த்து இந்தப் போகிக்குத்தான் கொளுத்தினோம் என்றாள் அண்ணி. அதில் நான் சிரித்துக்கொண்டா இருந்தேன் என்று கேட்டேன்.

"யாரு கண்டா? கரையான் பாதிய தின்னுருச்சு. மூஞ்சியே இல்ல" என்றாள்.

இப்போது திண்டுக்கல்லுக்கே திரும்பி வந்து குடியிருக்கிறேன். இல்லம் இருந்த இடத்தில் கல்யாண மண்டபம்; மேளச் சத்தம் காதைப் பிளக்கிறது. ரோட்டை அகலப்படுத்தியபோது புளியமரம் போனது. புகையிலைக் கிட்டங்கியும் இல்லை, அந்தப் பக்கம் போனால் தும்மல் வருவதில்லை. செயலாளர் ஐயா போனார், மெர்சி டீச்சர் போனார், சவரியம்மாளும் போய்ச் சேர்ந்தாள். ஊரில் சுவருக்குச் சுவர் தொங்கிய அந்தக் காலண்டரில் ஓர் அட்டைகூட யாரிடமும் மிச்சமில்லை, விசாரித்துப் பார்த்துவிட்டேன்.

இந்த வருஷத்து முருகனை ஆணியில் மாட்டியாயிற்று. மளிகைக்கடைக்காரர் சொன்னதும் ஆட்டோக்காரர் சொன்னதும் ஒத்துப்போனதால் அவர் முருகன்தான், எனக்குச் சந்தேகம் இல்லை. மரத்தடியில் முட்டி போட்டு, கையை நீட்டி, முகத்தைத் தூக்கிக்கொண்டிருந்த அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தாள் என்பதற்கு அப்பா ஒருவர்தான் சாட்சி. இன்னொருவரைக் கேட்டுப் பார்க்கலாம் என்றால் படம் இல்லை.